எதிர் அணிக்குப் போன அம்மா

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, ரயில் தூசியில் தொண்டை மட்டும் கட்டிக்கொண்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு டிப்போவில் பகல் ஷிப்ட் கிடைத்ததா? என் வாலு எப்படி இருக்கிறாள் என்று நாலாவது வரியில்தான் கேட்க வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன்.

பால்பவுடர் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்துவிட்டேன். ஒரு மணிக்கு ஒரு முறை மாதிரி எடுத்து ஈரம் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை என்று ஒருநாளும், இதற்கா படித்தேன் என்று மறுநாளும் தோன்றுகிறது. பெண்கள் விடுதியில் மூன்றாவது மாடி. கூட இருப்பவள் தொழிற்சாலை நர்ஸ், வாயாடி. வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்: குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. ஒரு வருடம் முடிந்து வேலை நிரந்தரமானால் குடும்பக் குடியிருப்பு கிடைக்கும். பன்னிரண்டு மாதம் அக்கா. அதற்குள் அவள் எட்டு வயதைத் தொட்டுவிடுவாள்.

கேம் கேசட்டை இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன். அவளுக்கும் எனக்கும் ஒப்பந்தம்: அஞ்சு மேட்ச் நான், அஞ்சு மேட்ச் அவள், தபாலில் போய்வர வேண்டும். அவளிடம் டிவியில் மாட்டி ஆடும் பெட்டி இருக்கிறது. எனக்கும் பழைய சாமான் கடையில் அதே மாதிரி ஒன்று கிடைத்தது. கேசட்டுக்குள் ஒரு சின்ன பேட்டரி இருப்பதால் கடைசியாக ஆடிய ஆட்டங்களின் கணக்கு முழுக்க அதிலேயே நிற்கும். யார் எத்தனை கோல், எத்தனை முறை அடித்தார், எத்தனை நிமிடம் ஐஸில் இருந்தார், எல்லாம்.

உனக்கு ஐஸ் ஹாக்கி என்றால் என்னவென்று தெரியாது. எனக்கும் தெரியாதுதான். அந்த கேசட்டைத் தவிர நான் ஐஸைப் பார்த்தது பரிசோதனைக் கூடத்து ஃப்ரீசரில். சறுக்கிக்கொண்டே ரப்பர் வட்டை மட்டையால் தள்ளி வலைக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். ஆட்களின் பெயரை நாமே மாற்றலாம். சிவப்புச் சட்டை அணியில் முதல் வரிசை சென்டர் 'அம்மா', இரண்டாவது வரிசை சென்டர் 'வாலு'. அவளை ஓரத்து ஆளாகப் போடுகிறேன் என்றதற்கு அழுது புரண்டாள். "நீ மட்டும் நடுவுல நிப்பியா, நான் ஓரமா?" அதனால் இரண்டு பேருமே சென்டர். என் எடை என்ற இடத்தில் அவள் நூற்றிப் பத்து கிலோ என்று போட்டு வைத்திருக்கிறாள். அதை மாற்ற மனம் வரவில்லை.

சாப்பிடுகிறாளா? என்னைக் கேட்கிறாளா? அவள் கையாலேயே ரெண்டு வரி எழுதச் சொல்.

உன் தங்கை


ஜூன் 19

அன்புத் தங்கைக்கு,

இங்கே மூணு பேரும் சௌக்கியம். முதுகு முதுகாகவே இருக்கிறது. அத்தானுக்குப் பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது, சாயங்காலம் வந்து என் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கண்டைச் சிக்காக்குவதுதான் இப்போது அவர் வேலை.

வாலுவுக்கு மேல் பல் ஒன்று விழுந்தது. நன்றாகச் சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்துக்கு அழாமல் போகிறாள். சட்டை இரண்டு தைத்துக் கொடுத்தேன், பாக்கெட் வேண்டும் என்றாள், நாலு பாக்கெட் வைத்தேன்.

உன்னைக் கேட்கிறாளா என்று எழுதியிருந்தாய். குழந்தைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். நாம்தான் பழகமாட்டோம்.

எழுதச் சொன்னேன். "எழுதறது ஸ்கூல்ல மட்டும்தான்" என்று ஓடிவிட்டாள். கேசட்டை அனுப்பியிருக்கிறேன். அந்த ஆட்டத்தில் நடுவில் ஒரு வண்டி வந்து ஐஸைத் துடைத்துவிட்டுப் போகிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு ஒன்று வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தொண்டை சரியாகிவிட்டது. நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

விழுந்த பல்லை வைத்திருக்கிறாயா? தூக்கிப் போட்டிருந்தால் பரவாயில்லை, சும்மாதான் கேட்டேன்.

முதல் ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வந்தால் விடுதி ஹாலில் டிவி காலியாக இருக்கும். நாலு மணிக்கு சீரியல் கூட்டம் வரும்வரை எனக்குத்தான். கேசட் வந்த அன்று நர்ஸ் என்னைப் பார்த்து, "என்ன மேடம், புருஷன் லெட்டர் மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வர்றீங்க" என்றாள். புருஷன் லெட்டர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்றேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அக்கா, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவள் ஆடிய ஐந்து ஆட்டங்களின் கணக்கைப் பார்த்தேன். ஜெயித்திருக்கிறாள், நாலு ஆட்டம். ஆனால் வரிசை மாற்றம் ஒரே ஆட்டத்தில் நாற்பத்தாறு முறை. ஆட்கள் களைத்துப் போனால் முதல் வரிசையை உள்ளே கூப்பிட்டு இரண்டாவது வரிசையை இறக்குவதற்கு ஒரு பட்டன். சாதாரணமாக எட்டு முறை, பத்து முறை அழுத்துவோம். அவள் என்னை இறக்கிய உடனே வெளியே எடுத்திருக்கிறாள். திரும்ப இறக்கி, திரும்ப எடுத்து. 'அம்மா' ஐஸில் நின்ற நேரம் மொத்தமாகவே இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. நான் வந்ததும் வெளியே போகச் சொல்கிற மாதிரி.

அவள் ஆடும்போது யார் பக்கத்தில் இருக்கிறார்கள்? யாராவது ஏதாவது சொல்கிறார்களா?

விளையாட்டுக்கு இவ்வளவு யோசிப்பாளா என்று நீ சிரிப்பாய். சட்டைப் பையில் இருந்த இரண்டு சினிமா டிக்கெட்டை வைத்து அவளுடைய அப்பாவைப் பற்றி நான் சொன்னபோதும் எல்லோரும் சிரித்தீர்கள். "உனக்கு எதை எடுத்தாலும் சந்தேகம்"னு நீதான் முதலில் சொன்னாய். அடுத்த மாதம் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். நான் மறக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. சின்ன விஷயம்தான் முதலில் கண்ணில் படும் என்கிறேன்.

என் பங்கு ஐந்து ஆட்டங்களை ஆடி கேசட்டை அனுப்புகிறேன். 'வாலு' நாலு கோல் போட்டாள் என்று சொல். நான்தான் போட வைத்தேன் என்று சொல்லாதே.

உன் தங்கை


ஜூலை 16

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். உனக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? காய்ச்சிக் குடி.

பல் இருக்கிறது. ஊசி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

அவள் ஆடும்போது ஹாலில் நான் இருக்கிறேன், வேறு யார் இருப்பார்கள்? நான் துணி தைத்துக்கொண்டிருப்பேன். அவள் பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பாள். "என்னடி, கீரை ஆயற மாதிரி தட்டிக்கிட்டே இருக்க" என்று கேட்டால், "தொந்தரவு பண்ணாத பெரியம்மா, முக்கியமான வேலை" என்பாள். இதில் நான் என்ன சொல்லிக்கொடுக்க?

போன வாரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். நான்தான் போனேன். டீச்சர் அவளைக் கூப்பிட்டு, "உங்க அம்மா வந்திருக்காங்க பாரு" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது பேர் முன்னால் எதற்கு ஒரு விளக்கம்? அவளும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்வது நல்லது.

கேசட் இத்துடன். பத்திரமாகப் பஞ்சில் சுற்றியிருக்கிறேன்.

அக்கா


ஜூலை 24

அக்காவுக்கு,

நான் சுகம். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

வேறு யார் எனக்குச் சொல்லப்போகிறார்கள்? அங்கே எனக்கு யாரைத் தெரியும்? சரி, அது இருக்கட்டும்.

கேசட்டைப் போட்டு சிவப்பு அணியின் பட்டியலைத் திறந்தேன். நான் இல்லை. 'வாலு' முதல் வரிசையில் இருக்கிறாள். அவளுக்குக் கீழே யாரோ ஒரு ஆள், பெயர்கூட வாயில் நுழையவில்லை. ஒருவேளை அழிந்துவிட்டதோ, தபாலில் பேட்டரி கெட்டுவிட்டதோ என்று பயந்து ஒவ்வொரு அணியாகத் திறந்து பார்த்தேன். கடைசியில் நீலச் சட்டை அணியில் 'அம்மா', நூற்றிப் பத்து கிலோ. பட்டியலிலேயே கடைசி இடத்தில் இருக்கிற அணி அது. நாங்கள் இருவரும் அவர்களைப் பார்த்துத்தான் சிரிப்போம், கோல் காப்பவன் தன் வலைக்குள்ளேயே விழுவான்.

இது கை தவறிச் செய்கிற காரியம் இல்லை அக்கா. ஆள் மாற்றும் பக்கத்துக்குப் போக வேண்டும், அணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், யாரைக் கொடுக்கிறோம், யாரை வாங்குகிறோம் என்று காட்ட வேண்டும், நிச்சயமா என்று அது கேட்கும், ஆமாம் என்று அழுத்த வேண்டும். ஏழு வயதுக் குழந்தை தன் அம்மாவைக் கொடுத்துவிட்டு யாரோ ஒருவனை வாங்கியிருக்கிறாள். நிச்சயமா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள்.

பெற்றோர் கூட்டத்தில் "அம்மா" ஆன பிறகு இது நடந்ததா, முன்னாலா? தேதி சொல்.

உனக்குக் குழந்தை இல்லையே என்று நான் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஆனால் அவள் தலையை வாரும்போது, பாக்கெட் தைக்கும்போது, நீ அவளிடம் என்ன பேசுகிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். நீ எழுதுவது எல்லாம் உண்மையாக இருக்கலாம். எழுதாதது எவ்வளவு என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

என்னைத் திரும்பவும் நம் அணிக்கே கொண்டுவந்துவிட்டேன். பழையபடி முதல் வரிசை. கேசட் இத்துடன். என்ன சொல்கிறாள் என்று பார்த்து எழுது, அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுது.

தங்கை


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? நாலு வாரம் ஆகிறது. பதில் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா?

முந்தாநாள் பயந்துபோய் டிப்போவுக்கு போன் செய்தேன். அத்தான் வந்தார். பின்னால் ஏதோ இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன அத்தான், வாலு எப்படி இருக்கா?" "நல்லா இருக்கா, நல்லா இருக்கா." "அக்கா ஏன் எழுதல?" "எழுதுவா." "ஏதாவது பிரச்சினையா?" "பிரச்சினை எல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நீ சாப்பிட்டியா?" நான் மூன்று ஒரு ரூபாய் நாணயம் போட்டும், அவர் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதோடு லைன் போய்விட்டது. அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் ஒன்றுமே சொல்லாமல் விட்டார் என்று நினைக்கிறேன்.

கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன். குழந்தை இல்லாததைப் பற்றி எழுதிய வரியைக் கிழித்துப்போட்டுவிடு. சொல்லவில்லை, சொல்லவில்லை என்று சொல்லியே சொல்லிவிட்டேன். எழுதி முடித்து நர்ஸிடம் படித்துக் காட்டியிருந்தால் அவள் அடித்துவிட்டிருப்பாள்.

ஆனால் பதில் எழுது. திட்டியாவது எழுது.

இங்கே எனக்குப் பசி எடுப்பதில்லை. மாதிரி எடுக்கும்போது இரண்டு முறை தவறான எண்ணை எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் அடித்துத் திருத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு வேண்டாம். வேலை நிலைத்தால்தான் அவள் எனக்கு.

உன் தங்கை


செப்டம்பர் 2

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். நீ பட்டினி கிடக்காதே. அங்கே யார் பார்ப்பார்கள்?

தாமதத்துக்குக் காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. பள்ளிச் சீருடை ஆர்டர் நூற்றிருபது. அதுவும் உன் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே எழுதினால் நானும் ஏதாவது எழுதிவிடுவேன் என்றுதான் வைத்திருந்தேன். அந்த வரியைக் கிழிக்கவில்லை. கிழித்தால் மட்டும் மறந்துவிடுமா?

அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொன்னாய். கேசட் வந்த அன்று பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஐயோ, அம்மா மறுபடியும் இங்கயே வந்துட்டாங்களா?" என்றாள். முகம் தொங்கிப்போனது. இதுதான் அவள் சொன்னது. ஒரு எழுத்து கூட்டவில்லை.

மறுபடியும் என்னென்னவோ பட்டன் அழுத்தி மாற்றிக்கொண்டாள். ஆடினாள். எல்லாவற்றிலும் தோல்விதான். இப்போதெல்லாம் நன்றாக ஆடுவதில்லை.

இன்னொரு விஷயம். நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். உனக்கு வேலை நிரந்தரமானாலும் ஷிப்ட் வேலைதான். நீ காலையில் போனால் அவளை யார் பள்ளிக்கு அனுப்புவார்கள், யார் கூட்டி வருவார்கள்? இங்கே பழகிவிட்டாள். படிப்பு முடியும்வரை இங்கேயே இருக்கட்டும். நீ லீவில் வந்து பார்த்துக்கொள். பள்ளியில் பாதுகாவலர் என்று என் பெயரைப் பதிய ஒரு தாள் கேட்கிறார்கள். கேசட்டோடு இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அவசரம் இல்லை, மாதக் கடைசிக்குள் வந்தால் போதும்.

யாரும் உன்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை.

அக்கா


செப்டம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். இந்த முறை பழக்கத்துக்காக எழுதவில்லை. நிஜமாகவே நலமாக இருக்கிறேன். நேற்று இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். "ஐயோ, மறுபடியும் இங்கயே வந்துட்டாங்களா" என்று ஒரு குழந்தை சொன்னால் அதற்கு மேல் ஒரு தாயார் என்ன வாதாடுவது? கையெழுத்துப் போட்டு, கவருக்குள் வைத்து, ஒட்டியும் விட்டேன். கேசட்டையும் கூடவே அனுப்பிவிடலாம், இனி எனக்கு எதற்கு என்று எடுத்தேன். கடைசியாக ஒரு தரம் கணக்கைப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று டிவியில் போட்டேன்.

ஐந்து ஆட்டம். ஐந்தும் ஒரே அணியோடு, அந்த உருப்படாத நீலச் சட்டைகளோடு. ஐந்திலும் தோல்வி. சிவப்பு அணி கோலை நோக்கி அடித்தது: பூஜ்யம். ஒரு ஆட்டத்தில்கூட ஒரு அடி இல்லை. இது வாலுவின் கை இல்லை, வேறு யாரோ ஆட்டம் தெரியாதவர்கள் ஆடியிருக்கிறார்கள், நீதான் ஆடினாய் என்றுகூட நினைத்தேன். சிரிக்காதே. பிறகு கீழே பார்த்தேன். ஃபேஸ்-ஆஃப்: நீலம் அறுபத்து மூன்று, சிவப்பு பூஜ்யம். அடுத்த ஆட்டம் எழுபது. அடுத்தது அறுபத்தெட்டு.

உனக்கு விளங்கும்படி எழுதுகிறேன், ஏனென்றால் நீ இதை முழுக்கப் படிக்க வேண்டும். விசில் அடித்து ஆட்டம் நின்றால், மறுபடி தொடங்க இரண்டு அணி சென்டர்களும் எதிரெதிரே குனிந்து நிற்பார்கள். நடுவர் வட்டைக் கீழே போடுவார், முதலில் பட்டனைத் தட்டுகிறவருக்கு வட்டு. அதுதான் ஃபேஸ்-ஆஃப். ஒரு ஆட்டத்துக்குப் பதினைந்து, இருபது வரும். அறுபத்து மூன்று எப்படி வரும்? விதிகள் பக்கத்தைத் திறந்தேன். ஐசிங் என்று ஒரு விதி, தன் பாதியிலிருந்து வட்டைச் சும்மா எதிர்க் கோடி வரை அடித்துத் தள்ளினால் விசில். அடிக்கடி ஆட்டம் நிற்கிறது என்று நான் எப்போதும் அதை நிறுத்தியே வைத்திருப்பேன். அவள் அதைப் போட்டு வைத்திருந்தாள். இரண்டு அணிக்கும் வரிசை மாற்றத்தை நிறுத்தியிருந்தாள்.

சரி, அவள் ஆடிய மாதிரியே ஆடிப் பார்ப்போம் என்று சிவப்பை எடுத்து, நீலத்தோடு வைத்து, தொடங்கினேன். வட்டு கிடைத்ததும் எதிர்க் கோடிக்கு அடித்தேன். விசில். திரை மூலையில் ஒரு சின்னச் சன்னல் திறந்தது. அதில் இரண்டு தலைக்கவசம், கிட்டத்தில். ஒன்றின் கீழே 'வாலு', இன்னொன்றின் கீழே 'அம்மா'. நர்ஸ் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்து, "இதென்ன மேடம், ரெண்டும் நெத்தியோட நெத்தி முட்டிக் கொஞ்சுதுங்க" என்றாள்.

நான் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

அக்கா, ஒரு அணியில் ஒரு நேரத்தில் ஒரு சென்டர்தான் ஐஸில் நிற்க முடியும். சென்டரை வேறு இடத்தில் போட இந்த கேம் விடாது. நானும் சென்டர், அவளும் சென்டர் என்று நான்தான் வைத்தேன். நான் இறங்கினால் அவள் பெஞ்சில். அவள் இறங்கினால் நான் பெஞ்சில். முதல் தடவை நாற்பத்தாறு முறை மாற்றியது என்னைத் துரத்த இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வழி இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். இல்லை என்று தெரிந்ததும் என்னை எதிர் அணிக்கு அனுப்பினாள். நான் என்ன செய்தேன்? புத்திசாலி மாதிரி என்னைத் திரும்பக் கொண்டுவந்து அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். "ஐயோ" என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வாள்?

கவரைக் கிழித்தேன். தாளையும் கிழித்தேன்.

இனி நான் கேட்பதற்கு நீ பதில் சொல். ஹாலில் நீ இருந்தாய். நீயே எழுதியிருக்கிறாய். நாலு பாக்கெட் வேண்டும் என்பதற்கே பத்துக் காரணம் சொல்கிற குழந்தை, அம்மாவை எதற்கு அங்கே அனுப்பினாள் என்பதை உன்னிடம் சொல்லாமல் இருந்திருப்பாளா? நீ கேட்காமல்தான் இருந்திருப்பாயா?

விடுதிக்குப் பின்தெருவில் ஓர் அறை பேசிவிட்டேன். மேலே தகரக் கூரை, தனிக் குழாய். கீழே இருக்கிற வீட்டுக்காரப் பெண் பள்ளியில் ஆயாவாக இருக்கிறாள், வாலு அவளோடு போய் அவளோடு திரும்பலாம். முதல் ஷிப்ட் மட்டும் கேட்டு எழுதிக் கொடுத்தேன், மேற்பார்வையாளர் மூன்று நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்திட்டார். அக்டோபர் ஐந்தாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். அன்று மாலை ரயிலிலேயே அவளோடு திரும்புகிறேன்.

கேசட்டை அனுப்பவில்லை. நேரில் கொண்டு வருகிறேன். நீலச் சட்டையில்தான் இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிடு.

உன் தங்கை


செப்டம்பர் 25

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். நீ சாப்பிட ஆரம்பித்தது கேட்டு நிம்மதி.

சொன்னாள். முதல் தடவை மாற்றிய அன்றே சொன்னாள்.

நான் பட்டன் துளை தைத்துக்கொண்டிருந்தேன். "ஏண்டி, அம்மாவைப் போய் எதிரிக்கா குடுப்பாங்க?" என்று கேட்டேன். "நம்ம டீம்ல இருந்தா பாக்கவே முடியாது பெரியம்மா. அவங்க வந்தா நான் உக்காரணும். அங்க இருந்தா எதிர்ல வருவாங்க" என்றாள். ஒவ்வொரு தடவை விசில் அடிக்கும்போதும் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். கண்ணு கெட்டுடும், தள்ளி உட்காரு என்பேன். அது வரைக்கும்தான் என் பேச்சு.

அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடக் கூட்டத்தைப் பற்றி எழுதினேன், பல்லைப் பற்றி எழுதினேன். இதை எழுத ஒரு வரி போதும். எழுதவில்லை. உன் கோபக் கடிதம் வந்தது. ஒரு வரியில் உன் கோபத்தை இறக்கியிருக்கலாம். நாலு வாரம் அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு சீருடை தைத்தேன். அத்தான் தினமும் கேட்டார், "எழுதிட்டியா? அந்தப் பொண்ணு அங்க என்ன ஆகுதோ?" "எழுதறேன்" என்றேன். கடைசியில் எழுதியபோது அவள் சொன்ன பாதியை மட்டும் எழுதினேன். ஒரு எழுத்து கூட்டவில்லை என்று பெருமை வேறு.

நீ கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்காதே. தாள் கையெழுத்தாகி வந்திருந்தால் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பேன். அதுவும் எனக்குத் தெரியும்.

எழுதமாட்டேன் என்று அவள் ஓடியது மட்டும் நிஜம். அதில் எனக்குப் பங்கில்லை.

மாறுதல் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். டீச்சர், "ஏம்மா, நீங்க எங்க போறீங்க?" என்று கேட்டார். நான் போகவில்லை, அவள் அம்மாவிடம் போகிறாள் என்று சொன்னேன். இந்தத் தடவை நாற்பது பேர் முன்னால் இல்லை, அவர் ஒருத்தர்தான் இருந்தார். ஆனாலும் சொல்ல நேரம் பிடித்தது.

துணிகளை மடித்து வைத்திருக்கிறேன். வளரும் குழந்தை என்பதால் சட்டைகளை ஒரு விரல் பெரிதாகவே தைத்திருக்கிறேன். இருமல் வந்தால் வெந்நீர் மட்டும் கொடு, மருந்து கொடுத்தால் துப்பிவிடுவாள். தூங்கும்போது காலை யார் மேலாவது போட வேண்டும். அந்தத் தகரக் கூரை மழைக்குச் சத்தம் போடுமே, முதல் நாள் பயப்படுவாள்.

ஐந்தாம் தேதி காலை அத்தான் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டி வருவார். துணிப் பெட்டியும் அவரிடமே இருக்கும். நீ வீடு வரை வந்து திரும்ப வேண்டாம், மாலை வரை அங்கேயே வெயிட்டிங் ரூமில் இருந்துகொள்ளுங்கள். சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்புகிறேன், மூன்று பேருக்கும்.

நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. வந்தால் அவள் என் கையை விடமாட்டாள் என்று நீ பயப்பட வேண்டாம். ரயில் நின்றதும் என் கையை விட்டுவிட்டு ஓடுவாள். அதை நான் பார்க்க வேண்டாம்.

அக்கா